கித்தாரும் பேனாவும்: கிங்கி ஃப்ரீட்மன்

கன்ட்ரி இசை என்றதும் அகன்ற தொப்பியும் குதிரையும் கித்தாரும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உழைக்கும் மக்களின் பாட்டாகப் பிறந்த அந்த இசை, 1960களின் இறுதியில் ராக் இசையோடு கலந்து புதுவடிவம் கண்டது. அந்தக் காலத்தில் மேடையேறிய பாடகர்களுள் ஒருவர் பின்னாளில் நாவலாசிரியராகவும் இதழ்ப் பத்தியாளராகவும் புகழ்பெற்றார். அவர்தான் கிங்கி ஃப்ரீட்மன். நம் நாட்டிலும் வாழ்ந்து சென்றவர் என்பதால் அவரைப் பற்றி அறிவது நமக்குக் கூடுதல் பொருத்தம்.

சரவாக்கில் ஒரு தொண்டூழியர்

ரிச்சர்ட் சாமெட் ஃப்ரீட்மன் 1944 நவம்பர் 1ஆம் நாள் சிக்காகோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் டெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, 1953இல் எக்கோ ஹில் எனும் சிறுவர் முகாமை நிறுவியது. ‘கிங்கி’ என்பது அவரது சுருட்டை முடியைப் பார்த்துக் கல்லூரிக் காலத்தில் வைக்கப்பட்ட பட்டப்பெயர்.

1966இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டம் பெற்றபின், ‘பீஸ் கோர்ப்ஸ்’ எனும் அமெரிக்கத் தொண்டூழிய அமைப்பில் சேர்ந்து சரவாக்கிற்கு வந்தார். மலேசியாவோடு சரவாக் இணைந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. விவசாய ஆலோசனை கூறுவது அவருக்கு இடப்பட்ட பணி. ஈராயிரம் ஆண்டாக நன்றாகப் பயிர்செய்து வரும் மக்களுக்குத் தான் போய் விவசாயம் கற்பித்ததாகப் பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். தன்னையே கேலிப்பொருளாக்கி ஓர் உண்மையை உணர்த்தும் இந்தப் போக்கே அவரது வாழ்நாள் பாணி எனலாம்.

இழிசொல்லே குழுவின் பெயர்

ஊர் திரும்பிய அவர் 1970களின் தொடக்கத்தில் ‘டெக்சாஸ் ஜூபாய்ஸ்’ எனும் இசைக்குழுவை அமைத்தார். ‘ஜூபாய்’ என்பது யூதர்களை இழிவுபடுத்தும் சொல். நம்மைக் குறித்தும் அப்படியொரு சொல் இந்நாட்டில் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் அதைக் கேட்காத நான், இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்திலேயே கேட்டுவிட்டேன். அப்போது எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டே: தலைகுனிவது அல்லது சண்டைக்குப் போவது. ஃப்ரீட்மன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். வசைச்சொல்லைத் தாமே எடுத்துப் பெயராகச் சூட்டிக்கொண்டார்.

1973இல் வெளிவந்த ‘சோல்ட் அமெரிக்கன்’ தொகுப்பில் அவரது இரண்டு முகங்களையும் காணலாம். அதில் எள்ளல் பாடல்கள் உண்டு. அவற்றோடு ‘ரைட் எம் ஜூபாய்’ என்ற பாடலும் உண்டு. பெயரைக் கேட்டுச் சிரிக்க வந்தவர்கள் அமைதியாகிவிடுவர். ஏனெனில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 6 மில்லியன் யூதர்களுக்கான இரங்கற்பாட்டு அது. மாடு மேய்ப்போர் பாட்டின் மெட்டில் அமைந்தது. 1975இல் ‘ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஒளிப்பதிவான அவரது கச்சேரி ஒளிபரப்பப்படவே இல்லை. ஆயினும் 1976இல் பாப் டிலனின் இசைப்பயணத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

மேடையிலிருந்து பத்திக்கு

இசையில் வருமானம் குறைந்தபோது அவர் பேனாவை எடுத்தார். 1986இல் வெளிவந்த ‘கிரீனிச் கில்லிங் டைம்’ எனும் துப்பறியும் நாவலின் துப்பறிவாளர் பெயரும் கிங்கி ஃப்ரீட்மன்தான்! அதனைத் தொடர்ந்து பதினைந்துக்கும் மேற்பட்ட நாவல்கள் வெளிவந்தன. 2001 முதல் 2005 வரை ‘டெக்சாஸ் மன்த்லி’ மாத இதழில் ‘தி லாஸ்ட் ரவுண்டப்’ எனும் பத்தியை எழுதினார். அரசியல்வாதிகளைக் கிண்டலடித்த அதே பேனா, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் திசைகாட்டியாகப் பணியாற்றிய தம் தந்தையைப் பற்றியும், கைவிடப்பட்ட விலங்குகளைப் பற்றியும் உருக்கமாக எழுதியது. அத்தகைய விலங்குகளுக்காக 1998இல் ஒரு காப்பகத்தை அமைக்கவும் அவர் துணைநின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

நகைச்சுவையின் எல்லை

2006இல் டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். இதழாளர் வேட்பாளரானதால் பத்தி நின்றது. அந்தத் தேர்தல் காலத்தில்தான் 1980ஆம் ஆண்டு மேடை நிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவு வெளிவந்தது. அதில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல்லை அவர் பயன்படுத்தியிருந்தார். இனவெறியர்களைக் கேலி செய்யவே அப்படிப் பேசியதாக விளக்கமளித்தார்; பலர் அதனை ஏற்கவில்லை. தேர்தலில் ஏறத்தாழ 12 விழுக்காடு வாக்குகளோடு நான்காம் இடமே கிட்டியது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தன்மீது எறியப்பட்ட கல்லை எடுத்துத் தன் வீட்டுக்கு அடிக்கல்லாக்குபவனை உலகம் பாராட்டும். பிறர்மீது எறியப்பட்ட கல்லைக் கையில் எடுத்தால், நோக்கம் நல்லதாயினும் அடிபட்டவருக்கு மறுபடியும் வலிக்கும். மேலும், மேடையில் முகமும் குரலும் ‘இது கேலி’ என்று சொல்லிவிடும். ஒலிநாடாவிலும் அச்சிலும் எஞ்சுவது சொல் மட்டுமே.

2024 ஜூன் 27ஆம் நாள், தமது 79ஆம் வயதில் ஃப்ரீட்மன் காலமானார். கலை இரவு நாடகங்களுக்கு நகைச்சுவை வசனம் எழுதும் நண்பர்கள் அவரிடம் கற்க இரண்டு உண்டு. நம்மைச் சுடும் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது அவரது வெற்றி தரும் பாடம். பக்கத்து இருக்கையில் இருக்கும் வேற்றினத் தோழரும் நம்மோடு சேர்ந்து சிரிக்க முடிகிறதா எனப் பார்க்க வேண்டும் என்பது அவரது சறுக்கல் தரும் பாடம்.