ஓர் ஆளுக்கு மூன்று கல்லறை

உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் வட கரோலினா மலைநாட்டில், கோனா என்ற சிற்றூரில் சார்லி சில்வர் என்பவருக்கு மட்டும் மூன்று கல்லறைகள் உண்டு. 1831 டிசம்பர் குளிரில் அவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றதாகக் கைதானவர் அவருடைய மனைவி ஃபிராங்கி. இருபது வயதுகூட ஆகாதவர்; கையில் ஒரு பெண் குழந்தை. கணப்படுப்புச் சாம்பலைக் கிளறியபோது எலும்புத் துணுக்குகள் கிடைத்தன. மற்ற பாகங்களைக் கிடைக்கக் கிடைக்கப் புதைத்தார்களாம். மூன்று கல்லறை வந்த கதை அதுதான்.

1832 மார்ச்சில் மார்கன்டன் நகரில் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல அன்றைய சட்டம் இடம் தரவில்லை. கணவர் அடித்தாரா, தற்காப்புக்காக வெட்டினாரா என்பதை ஜூரிகள் அவர் வாயால் கேட்கவே இல்லை. தூக்குத் தண்டனை விதித்த பிறகு, கருணை மனுவில் கையெழுத்திட்டவர்களில் அதே ஜூரிகள் சிலரும் இருந்தார்கள்! கவர்னர் டேவிட் ஸ்வெய்ன் அசையவில்லை.

இடையில் ஃபிராங்கி சிறையிலிருந்து தப்பினார், ஆண் வேடத்தில். வழியில் மடக்கியபோது, “என் பேர் டாமி” என்று அவர் சமாளிக்க, கூட வந்த உறவினர் “ஆமாம், அவள் பேர் டாமிதான்” என்று உளறிவிட்டதாக ஊரில் ஒரு கதை. நம்புவது உங்கள் விருப்பம்.

1833 ஜூலை 12 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.