முத்துப் பாரைப் படம்பிடிக்க எந்தக் கேமரா?



கடலைப் பார்க்காத தூத்துக்குடிக்காரர் உண்டா? ஆனால் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்க அப்பா சங்கு குளிக்கிறவர். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். "அந்தப் பார்ல முன்னெல்லாம் சிப்பி ஒட்டிக் கெடக்கும்ல, இப்ப சேறு மூடிக் கெடக்கு" என்று அப்பா சொல்வார். அதையே வெளியில் சொன்னால் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். கண்ணால் கண்டவர் சொல் காகிதத்தில் ஏறுவதில்லை. தெளிவான வீடியோ என்றால் ஏறும். ஆகவே, நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு கேமரா வாங்கினால் எதை வாங்கலாம்? நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

பார் என்றால் என்ன?

கடலடியில் மணலுக்கு நடுவே பரந்து கிடக்கும் பாறைத் தட்டுக்குத்தான் நம்ம ஊரில் 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பி இதில்தான் ஒட்டி வளரும். தொள்ளாயிரம் பார் போன்றவை பெயர் பெற்றவை. பெரும்பாலான முத்துப் பார்கள் 10 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கின்றன. நம்ம கணக்கில் பத்து பாகம் என்றால் சுமார் 18 மீட்டர்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பிறகு 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் டாக்டர் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். இயற்கைப் பார்களின் நிலையை அறிய மட்டும் இன்றும் யாராவது கீழே பார்த்தே ஆகவேண்டும். கேமரா அங்கேதான் வேலைக்கு வருகிறது.

4கே எதற்கு?

முழு எச்.டி. படத்தின் அகலம் 1920 புள்ளிகள். 4கே படத்தின் அகலம் 3840 புள்ளிகள். பாரில் 1 மீட்டர் அகலத்தை நாம் படம்பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். எச்.டி.யில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டருக்குச் சமம். 4கேயில் கால் மில்லிமீட்டர். 6 செ.மீ. சிப்பி ஒன்று எச்.டி.யில் சுமார் 115 புள்ளிகளையும், 4கேயில் சுமார் 230 புள்ளிகளையும் பிடிக்கும். முத்துச்சிப்பி மேல் பாசியும் கடற்பஞ்சும் மூடிக்கிடக்கும். அது சிப்பியா, வெறும் கல்லா என்று பிரித்துச் சொல்ல இந்தக் கூடுதல் புள்ளிகள் உதவும்.

ஆனால் நண்பர்களே, இங்கேதான் கவனம் வேண்டும்! தண்ணீர் கலங்கலாக இருந்து ஒவ்வொரு புள்ளியும் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் கலைந்து தெரிந்தால், கால் மில்லிமீட்டர் கணக்கால் என்ன பயன்? 4கே, 8கே என்று பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. நான் சொல்வேன், தண்ணீர் தெரியாமல் கேமராவில் பணத்தை விடாதே!

தண்ணீர் செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, நிறத்தைத் தின்னும். சிவப்பு ஒளி சுமார் 5 மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி மறைந்துவிடும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகப் போகும். மிஞ்சுவது பச்சையும் நீலமும்தான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்தன. அப்படி ஒரு வெளுப்பைப் படம்பிடிக்கும்போது நிறம் தவறினால் நல்ல பவளம் எது, வெளுத்தது எது என்றே தெரியாது. ஆகவே வெள்ளைச் சமநிலையை நாமே கையால் அமைக்கும் வசதி கேமராவில் கட்டாயம் வேண்டும். ஒரு வெள்ளைப் பலகையைக் கீழே கொண்டுபோய் அதைக் காட்டி அமைக்கலாம். சிவப்பு வடிகண்ணாடி ஆழம் குறைந்த இடத்தில்தான் உதவும். கீழே போகப் போக விளக்கு இல்லாமல் முடியாது.

இரண்டாவது, ஒளியை வளைக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. தட்டையான கண்ணாடி வழியே பார்த்தால் பொருள் கால் பங்கு கிட்டத்திலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். காட்சியின் அகலம் சுருங்கும். அரைக்கோளக் கண்ணாடி வைத்த உறையில் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். ஆனால் விலை ஏறும்.

மூன்றாவது, அழுத்தும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் தண்ணீரின் பாரம் மட்டும் சுமார் 2 கிலோ. 'வாட்டர் ப்ரூஃப்' என்று போட்டிருப்பதை நம்பாமல், எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

மூன்று வகைக் கேமராக்கள்

1. ஆக்‌ஷன் கேமரா. கோப்ரோ இதில் பெயர் பெற்றது. அண்மைக்கால மாடல்கள் உறை இல்லாமல் 10 மீட்டர் வரையும், அதற்கென உள்ள பாதுகாப்பு உறையுடன் 60 மீட்டர் வரையும் தாங்கும். அப்படியென்றால் நம்ம பாருக்கு உறை இல்லாமல் ஆகாது. சிறியது, விலை குறைவு, அலையாட்டத்தைச் சமாளிக்கும். ஆனால் லென்ஸின் குவியம் நிலையானது. மிகக் கிட்டே போனால் மங்கும். உள்ளே உள்ள உணரி சிறியது என்பதால் இருட்டில் படம் புள்ளி புள்ளியாகும்.

2. நீர்புகாக் கையடக்கக் கேமரா. ஒலிம்பஸ் டஃப் வரிசையில் வந்த டிஜி-6, 2023-ல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்றவை உறை இல்லாமல் 15 மீட்டர் தாங்கும். 4கே எடுக்கும். மிகக் கிட்டத்தில் சின்னஞ்சிறு சிப்பிக் குஞ்சைப் படமெடுக்க இவைதான் கெட்டி.

3. பெரிய உணரி உள்ள மிரர்லெஸ் கேமரா. மங்கிய ஒளியிலும் படம் சுத்தமாக வரும். ஆனால் கேமராவின் விலைக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ உறைக்கே கொடுக்க வேண்டி வரும். இது நிறுவனங்களுக்கு உரியது, நம்ம சட்டைப்பைக்கு அல்ல.

என் முடிவு

பாரின் நிலையைப் பதிவு செய்ய உறையோடு ஓர் ஆக்‌ஷன் கேமரா போதும். மிச்சப் பணத்தை இரண்டு நல்ல விளக்குகளில் போடுங்கள். விளக்கைக் கேமராவுக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. புழுதிக்குள் பைக்கின் ஹெட்லைட்டைப் போட்டால் புழுதிதானே தெரியும்? அதேபோல் தண்ணீரில் மிதக்கும் துகள்தான் மின்னும். இரு பக்கமும் தள்ளி, சாய்த்து வையுங்கள். கேமராவைப் பொருளுக்கு 1 மீட்டருக்குள் கொண்டுபோங்கள். நடுவில் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு தெளிவு. கச்சான் காற்று கடலைக் கலக்கும் மாதங்களை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து முத்துக்குளிப்பே மார்ச், ஏப்ரல் அமைதியில்தான் நடந்தது.

நினைவட்டைக் கணக்கும் போட்டுவிடுவோம். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். பிட் வேகத்தைக் குறைத்தால் ஓடும் துகள்களே பிட்டைத் தின்றுவிடும், பார் மங்கும்.

மின்னணுவியல் நண்பர்களுக்கு ஒரு சேதி. வைஃபை அலை கடல்நீரில் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. மேலே இருந்து செல்போனில் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். கேபிள் வேண்டும், அல்லது பதிவு செய்து மேலே வந்துதான் பார்க்க வேண்டும்.

பயிற்சி இல்லாமல் யாரும் படத்துக்காக நீரில் குதிக்காதீர்கள். வள்ளத்திலிருந்து எடை கட்டிய சட்டத்தில் கேமராவைக் கயிறு வழி இறக்கினாலே போதும். சென்டிமீட்டர் கோடு போட்ட குச்சி ஒன்றைச் சட்டத்தில் கட்டிவிட்டால் சிப்பியின் அளவும் பதிவாகும். தீவுகளைச் சுற்றியுள்ளது தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியும், துறைமுக எல்லையில் துறைமுக அனுமதியும் முதலில் வாங்க வேண்டும்.

புது உறையைக் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து இறக்கிப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் கேமராவை வைக்கலாம். ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி இருந்தாலும் தண்ணீர் புகும். கண்ணாடி பனிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பு என்ன செய்யும் என்று உப்பள ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

தேதி, இடம், ஆழம் மூன்றையும் எழுதி வைத்து, அதே இடத்தை ஆண்டுதோறும் படமெடுத்தால் பத்து ஆண்டில் பாரின் வரலாறு நம் கையில் இருக்கும். இடம் காட்ட என் அப்பாவைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். கருவியைக் கையாள நாம் இருக்கிறோம். அவர்கள் கண்டதும் நாம் படித்ததும் ஒன்று சேரட்டும். பிறகு "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை