பச்சையெல்லாம் பயிரல்ல: வானிலிருந்து புன்னக்காயல்

ஸ்ரீவைகுண்டம் அணையில் வடகாலுக்கும் தென்காலுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னக்காயல். ஊரையொட்டி அலையாத்திக் காடு, உப்பளம், சீமைக் கருவேல். சற்று மேற்கே ஆத்தூர், முக்காணிப் பக்கம் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், நெல். மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தால் உப்பளம் தவிர எல்லாம் பச்சைதான். அதில் எது நெல்?

விடை நிறத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிடுவதே பசுமைக் குறியீடு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் கட்டங்களாக, அதாவது இரண்டரை சென்ட் அளவில், படம் தருகின்றன. அவற்றை வரிசையாக அடுக்கினால் நெல் வயலின் குறியீடு நடவுக்குப்பின் ஏறி, அறுவடையில் சடாரென இறங்கும். வாழை மெதுவாக ஏறி மாதக்கணக்கில் நிற்கும். அலையாத்தி ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே கோடு. சித்திரையிலும் பச்சை காட்டும் தரிசு என்றால் பெரும்பாலும் கருவேல்தான்.

கார் பருவத்துக்கு இது சரி. பிசானம் மேக மூட்டத்தில் அல்லவா வளர்கிறது! அதற்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ரேடார் படங்களால் நெல் பரப்பை வரைந்தன. 2016-ல் பருவமழை பொய்த்தபோது, எந்தெந்த ஊரில் நடவே நடக்கவில்லை என்று பயிர்க் காப்பீட்டுக்குக் காட்ட அந்த வரைபடம் உதவியது.

ஆனால் ரேடாருக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அதுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய பயிரும், நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் ரேடாரில் ஒன்றுபோலக் கறுப்பாகத்தான் தெரியும். முந்தைய வாரப் படங்களும் நடவு நாளும் கையில் இருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். நடவு நாளைச் சொல்வது அடங்கல். செயற்கைக்கோளுக்குப் பட்டா எண் தெரியாது; யார் வயல் என்று அது சொல்லாது.

ஆகவே நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் பருவத்துக்கான அடங்கல் பதிவைக் கேட்டு வாங்குவது நல்லது. போன வருடப் பதிவில் வாழை என்றிருந்து இந்த வருடம் நெல் நட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாளும் இடமும் பதியும்படி கைபேசியில் வயலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது.