உங்களுக்குத் தெரியுமா? ஓய்வூதியமும் அரசியலும்

மருதனார்மடத்தில் அரச பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் உண்டு. சந்தையடிக் கடையில் வேலை செய்பவருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதிதான்: சம்பளத்தில் அவர் பங்கு 8%, முதலாளி பங்கு 12%. பல சிறு கடைகளில் அந்தக் கணக்கே திறக்கப்படுவதில்லை என்பதுதான் வேதனை.

இந்த விதிகள் கொழும்பில் எழுதப்படுபவை. 2022 ஜனவரியில் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆனது. அதே ஆண்டு ஓகஸ்ட் இடைக்கால வரவுசெலவுத் திட்டம் அதை 60க்கு இறக்கியது.

தொழிலாளரும் விதியை மாற்றியிருக்கிறார்கள். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் வந்தபோது, தங்கள் சேமிப்பில் கைவைக்கிறார்கள் என்று கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர், பெரும்பாலும் இளம் பெண்கள், வீதிக்கு இறங்கினர். மே 30இல் பொலிஸ் சுட்டதில் காயமடைந்த இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது.

2023இல் அப்படி நடக்கவில்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதியின் திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. மறுக்கும் நிதிகளுக்கு 14% வரி 30% ஆகும் என்றது அரசு. வங்கிகளின் திறைசேரி முறிகளை அந்தத் திட்டம் தொடவில்லை.