நடுவரின் விசிலும் காணொளித் திரையும்

கால்பந்தாட்டத்தில் நடுவர் விசில் ஊதிவிட்டால் ஊதியதுதான். மேல்முறையீட்டுக்கு இடமில்லை என்பது நெடுங்கால நியதி. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்த நியதி தளர்ந்தது. ஆட்ட விதிகளை வகுக்கும் அனைத்துலக வாரியம் ஜூரிச் நகரில் கூடி, காணொளி உதவி நடுவர் என்ற புதிய பதவியை விதிப்புத்தகத்தில் ஏற்றது. 'வி.ஏ.ஆர்.' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சுருக்கிச் சொல்வது இதனைத்தான். அவ்வாண்டு ரஷ்யாவில் நடைபெற்ற உலகக் கோப்பையிலேயே இம்முறை அரங்கேறியது. ஜூலை 15ஆம் நாள் மாஸ்கோவில் நடந்த இறுதியாட்டத்தில், குரோஷிய வீரர் பெரிசிச்சின் கையில் பட்ட பந்தைத் திரையில் பார்த்தே அர்ஜென்டினா நாட்டு நடுவர் பிட்டானா பிரான்சுக்குப் பெனால்டி வழங்கினார். பிரான்சு 4-2 என்று வென்றது. அந்தப் பெனால்டி முறையா, முறையற்றதா என்று அன்று எழுந்த வாதம் பல நாட்கள் ஓடியது. படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பின்பும் வாதம் அடங்கவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

முறை இன்னதெனச் சுருங்கக் கூறிவிடுகிறோம். களத்துக்கு வெளியே ஓர் அறையில் பல திரைகளின் முன் உதவி நடுவர்கள் அமர்ந்திருப்பார்கள். 2018இல் வகுத்த விதியின்படி கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறித் தண்டித்தல் ஆகிய நான்கில் மட்டுமே அவர்கள் தலையிடலாம். அதிலும் பிழை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகத் தெரிய வேண்டும். களநடுவர் அவர்கள் சொல்லை ஏற்கலாம். அல்லது இரு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்து காட்டி, ஓரத்தில் உள்ள திரைக்குத் தாமே ஓடிச் சென்று பார்த்து முடிவு செய்யலாம்.

இதனைக் கேட்டுப் பெற்றவர்களுள் இரசிகர்களும் உண்டு. 1986இல் மெக்சிகோவில் மரடோனா கையால் தள்ளிய பந்தை கோல் என்று அறிவித்தார் துனீசிய நடுவர் பென்னாசூர். 2009இல் பாரிஸ் நகரில் ஆன்றி கையால் பந்தைத் தடுத்துக் கொடுத்ததால் அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போகாமல் நின்றது. 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்டு அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே கண்டது. நடுவர் மட்டும் காணவில்லை. வீட்டில் நாற்காலியில் சாய்ந்திருப்பவனுக்குத் தெரிவது களத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் போவது என்ன நீதி என்று கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. கிடைத்த பிறகு அவர்களுள் பெரும்பாலோர் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்றால், அதுதான் இல்லை.

நார்வே நாட்டில் 2023இல் இம்முறை வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் ரோசன்போர்க், லில்லெஸ்ட்ரோம் அணிகள் மோதியபோது, காணொளி நடுவரை எதிர்த்து இரசிகர்கள் மீன் வடைகளைக் களத்தில் வீசினார்கள். புகைக் குண்டுகளும் வந்து விழுந்தன. ஆட்டம் பலமுறை நின்று, இறுதியில் கைவிடப்பட்டது. நம் கொல்கத்தாவிலும் கால்பந்துக்கும் மீனுக்கும் உறவு உண்டு; ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்பது இவ்வூர் மரபு. இரண்டுமே சமையலறைக்குள் நுழையாத நம் சைவ வீடுகளிலும் பிள்ளைகள் இலிஷ் கட்சி, இறால் கட்சி என்று பிரிந்து நிற்கிறார்கள்! ஆயினும் மீனை நடுவர் முறையை எதிர்க்கும் ஆயுதமாக்கிய பெருமை நார்வேக்காரரையே சேரும். 2025 மார்ச்சில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் பொதுக்குழு வாக்கெடுப்பு நடத்தி, 321க்கு 129 என்ற கணக்கில் முறையை வைத்துக்கொள்ள முடிவு செய்தது. அண்டை நாடான சுவீடனில் கதை வேறு. அங்கே கழகங்களில் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களாகிய இரசிகர்களிடம் உள்ளது. அவர்கள் வேண்டாம் என்று சொன்னதால், அந்நாட்டுச் சங்கம் 2024இல் இம்முறையைக் கொண்டுவருவதில்லை என்று அறிவித்தது.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 6ஆம் நாள் பிரீமியர் லீக் கழகங்கள் கூடின. இம்முறையை நீக்கிவிடலாம் என்று உல்வர்ஹாம்ப்டன் கழகம் தீர்மானம் கொண்டுவந்தது. அதற்கு ஆதரவாக விழுந்தது அக்கழகத்தின் வாக்கு ஒன்றே. மற்ற 19 கழகங்களும் எதிர்த்தன. முக்கியமான தீர்ப்புகளுள் சரியானவை முன்பு நூற்றுக்கு 82ஆக இருந்தவை, காணொளி வந்தபின் 96 ஆயின என்பது லீக் நிர்வாகம் காட்டிய கணக்கு.

அதே ஜூன் 6ஆம் நாள் மாலை நம் ஊர் சால்ட் லேக் அரங்கத்தில் என்ன நடந்தது என்பதை இங்குள்ளோருக்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. சுனில் சேத்ரி இந்திய அணிக்காக ஆடும் கடைசி ஆட்டம் என்று அன்று அறிவிக்கப்பட்டிருந்த ஆட்டம். குவைத்துடன் கோலின்றிச் சமமாக முடிந்தது. கண்ணீரோடு சேத்ரி விடைபெற்றுச் சென்றார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா அதுவரை எட்டியிராத மூன்றாம் கட்டத்துக்குச் செல்ல உறுதியான வழி ஒன்றுதான் மிஞ்சியது: ஐந்து நாள் கழித்துத் தோகா நகரில் கத்தாரை வெல்வது.

ஜூன் 11ஆம் நாள் இந்தியா வெல்லும் நிலையில்தான் இருந்தது. 37ஆம் நிமிடத்தில் சாங்டே அடித்த கோலினால் முன்னிலை. 73ஆம் நிமிடத்தில் கத்தார் வீரர் யூசுப் அய்மன் தலையால் முட்டிய பந்தை நம் காவலர் குர்பிரீத் தடுத்தார். பந்து உருண்டு கோல் கம்பத்துக்கு வெளிப்புறமாக எல்லைக்கோட்டைக் கடந்தது. இந்திய வீரர்கள் ஆட்டம் நின்றது என்று எண்ணிக் கால் தளர்த்தினார்கள். கத்தாரின் ஹாஷ்மி அப்பந்தை வெளியிலிருந்து காலால் உள்ளே இழுத்தார்; அய்மன் அதனை வலைக்குள் தள்ளினார். தென்கொரிய நடுவர் கோல் என்றார். நம் வீரர்கள் சூழ்ந்து முறையிட்டும் பயனில்லை. அந்தக் கட்டத்து ஆட்டங்களுக்குக் காணொளி நடுவர் வைக்கப்படவில்லை. 85ஆம் நிமிடத்தில் இன்னொரு கோல் வாங்கி இந்தியா 1-2 என்று தோற்றது. குவைத் முன்னேறியது. பந்து வெளியே கிடந்த காட்சியைத் தொலைக்காட்சியில் மறுபடியும் மறுபடியும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இந்தியச் சம்மேளனம் விசாரணை கோரியது. ஆட்டத்தின் முடிவு மாறவில்லை.

இழந்தது ஓர் ஆட்டம் மட்டுமன்று. மூன்றாம் கட்டத்தை அடைந்திருந்தால் 2027 ஆசியக் கோப்பைக்கும் இந்தியா நேரே தகுதி பெற்றிருக்கும். அந்த இடத்தைத் தனியே தேடப் புறப்பட்டு, 2025 அக்டோபர் 14ஆம் நாள் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று அதனையும் இழந்தோம். எல்லாப் பழியையும் ஒரு நடுவர் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. குவைத்தையும் சிங்கப்பூரையும் நம் மண்ணில் வெல்ல இயலாதது நம் குறையே. எனினும் ஒரு சிறு திரை இருந்திருந்தால் 73ஆம் நிமிடத்தில் இந்தியாவே முன்னிலையில் இருந்திருக்கும் என்பதும் உண்மை.

ஆக, திரை இல்லாத நாம் அது வேண்டும் என்கிறோம். திரை உள்ளவர்கள் அதனை எடுத்துப் போ என்று மீன் வீசுகிறார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்லி இதனைத் தள்ளிவிடலாகாது. அவர்கள் வெறுப்பது எதனை என்று ஆராய்ந்தால்தான் நாம் எதனைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

கால்பந்தில் கோல் அரிது. தொண்ணூறு நிமிடம் காத்திருந்து ஒருமுறை, இருமுறை கிடைக்கும் அந்த நொடிக்காகத்தான் மனிதன் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, வெயிலிலும் மழையிலும் காலரியில் அமர்கிறான். பந்து வலையில் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் யாரென்றும் பாராமல் கட்டிக்கொள்கிறான். இப்போது அந்தக் கணத்தில் அவனுக்கு ஓர் அச்சம் புகுந்துவிட்டது: கத்தலாமா, காத்திருக்கலாமா? 2019 ஏப்ரல் 17ஆம் நாள் மான்செஸ்டரில், சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியின் கடைசி நிமிடத்தில் ஸ்டெர்லிங் கோல் அடித்தபோது அரங்கமே எழுந்து ஆடியது. சிறிது நேரத்தில், அதற்கு முன்பே அகுவேரோ ஆப்சைடில் நின்றார் என்று திரை சொல்ல, அதே அரங்கம் மௌனமாயிற்று. டாட்டன்ஹாம் அரையிறுதிக்குச் சென்றது. தீர்ப்பு சரி என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்று ஆடியவர்கள் அடுத்த முறை முழு மனத்துடன் ஆடுவார்களா?

கிரிக்கெட்டில் இந்தச் சங்கடம் இல்லையே என்று கேட்கலாம். 1992 நவம்பரில் டர்பன் நகரில் தொலைக்காட்சி நடுவரால் ரன் அவுட் ஆன முதல் ஆட்டக்காரர் நம் டெண்டுல்கரே. அதன்பின் அம்முறை ஊன்றிவிட்டது. காரணம், கிரிக்கெட் ஒவ்வொரு பந்துக்கும் நின்று நின்று நடக்கும் ஆட்டம். அந்த இடைவெளியில் திரை தன் வேலையை முடித்துக்கொள்கிறது. கால்பந்து ஆறுபோல் ஓடுவது. அன்றியும் கிரிக்கெட்டில் நடுவர்கள் பேசிக்கொள்வதையும், எந்தப் படத்தைப் பார்க்கிறார்கள் என்பதையும் பார்ப்போரும் உடன் அறிகிறார்கள். கால்பந்திலோ நெடுநாள் வரை, அரங்கத்தில் பணம் கொடுத்து அமர்ந்தவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது. வீட்டில் இருப்பவனுக்குக் கோடு வரைந்து காட்டுவார்கள். அரங்கத்தில் இருப்பவன் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறைக்குள் நடப்பது வெளியே தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 செப்டம்பர் 30ஆம் நாள் லண்டனில் நடந்ததே சான்று. லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். துணை நடுவர் ஆப்சைடு என்று கொடி தூக்கினார். காணொளி நடுவர் கோடு வரைந்து பார்த்து ஆப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டார். ஆனால் களத்தில் கோல் வழங்கப்பட்டதாக அவர் தவறாக எண்ணிக்கொண்டு, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது, தொடர்ந்த பின் திரும்ப விதியில் இடமில்லை. லிவர்பூல் 1-2 என்று தோற்றது. கருவி பிழை செய்யவில்லை. இரு மனிதரின் பேச்சில் பிழை நேர்ந்தது. நடுவர் அமைப்பு பிழையை ஒப்புக்கொண்டு, அந்த உரையாடலின் ஒலிப்பதிவைச் சில நாளில் வெளியிட்டது. அன்று அரங்கத்தார் அனைவரும் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் பிழை ஒரு நொடியில் திருந்தியிருக்கும் என்பது நம் எண்ணம்.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. 2023 மார்ச்சு 3ஆம் நாள் பெங்களூர் கண்டீரவா அரங்கில் ஐ.எஸ்.எல். போட்டியின் வெளியேற்றச் சுற்று. கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோல் போட்டார். நடுவர் ஏற்றார். பிளாஸ்டர்ஸ் அணியினர் களத்தை விட்டே வெளியேறினர். அக்கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. பந்து எங்கே விழுந்தது என்பதில் அங்கே தகராறே இல்லை. நடுவர் அனுமதித்தாரா, பொறுக்கச் சொன்னாரா என்பதே தகராறு. அதற்கு எந்தக் கோணப் படமும் விடை தந்திராது. நடுவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் தந்திருக்கும்.

களத்துச் சண்டை காலரிக்கு வந்தால் எவ்வளவு கொடிது என்பதை இவ்வூர் அறிந்தது போல் வேறு ஊர் அறியாது. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் ஆடியபோது வீரர்களுக்குள் எழுந்த மோதல் பார்வையாளரிடையே பரவி, 16 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் இரத்த தானம் செய்து இவ்வூர் அவர்களை நினைக்கிறது.

உலக அமைப்புக்கு இது மெல்ல விளங்கியிருக்கிறது. 2023இல் மொராக்கோவில் நடந்த கழகங்களின் உலகக் கோப்பையிலிருந்து, திரையைப் பார்த்த நடுவர் தம் முடிவை ஒலிபெருக்கியில் அரங்கத்துக்கே அறிவிக்கும் வழக்கம் தொடங்கியது. 2025 ஜனவரியில் இங்கிலாந்திலும் லீக் கோப்பை அரையிறுதியில் அது வந்தது. ஆப்சைடுக் கோட்டை மனிதர் கையால் வரைவதும் குறைந்து வருகிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் பன்னிரண்டு காமிராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு ஐம்பது முறை அளந்தன. பந்துக்குள்ளும் ஓர் உணர்கருவி இருந்தது. முதல் ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே எக்வடோரின் கோல் ஒன்று அதனால் செல்லாமற் போயிற்று.

இவ்வளவு செலவு நமக்கு ஆகுமா? அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் 2023இல் சிக்கனமானதொரு முறையைக் கொண்டுவருவது பற்றிப் பேசினார். 2024-25 பருவம் முடியும் வரை ஐ.எஸ்.எல். ஆட்டங்களில் காணொளி நடுவர் வரவில்லை. இதற்கிடையே 2024இல் உலக அமைப்பே எளிய வழியொன்றைச் சோதிக்கத் தொடங்கியது. அதில் தனி அறையும் இல்லை, தனி நடுவர்களும் இல்லை. ஒவ்வோர் அணியின் பயிற்சியாளரும் ஆட்டத்துக்கு இருமுறை மறுபார்வை கோரலாம். களநடுவர் ஓரத்துத் திரையில் தாமே பார்ப்பார். கோரிக்கை வென்றால் வாய்ப்புக் குறையாது. அவ்வாண்டு கொலம்பியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் இது செயற்பட்டது. தோகாவில் இம்முறை இருந்திருந்தால் நம் பயிற்சியாளர் ஒரு சீட்டை நீட்டியிருப்பார், அவ்வளவே.

நம் கட்சி இதுதான். பந்து கோட்டைக் கடந்ததா, வீரர் ஆப்சைடில் நின்றாரா என்பனவற்றைக் கருவியிடம் விடுங்கள். தள்ளினாரா, வேண்டுமென்றே கைபட்டதா என்பனவற்றை நடுவரிடமே விடுங்கள். எது நடந்தாலும் காலரியில் இருப்பவனுக்கு அவன் மொழியில் சொல்லுங்கள். சால்ட் லேக்கில் வங்காளியிலும் சொல்ல வேண்டும்; சென்னையில் நேரு அரங்கில் தமிழிலும் சொல்ல வேண்டும்.

சங்கத்து இளைஞர் சிலர் இதனை ஒப்பவில்லை. பிழையும் ஆட்டத்தின் ஒரு பகுதியே, அது போனால் மறுநாள் தேநீர்க் கடையில் பேச என்ன இருக்கிறது என்கிறார்கள். ஜூன் 6ஆம் நாள் சேத்ரியை வழியனுப்ப அரங்கத்துக்குச் சென்று வந்த அன்பர்களும் தம் கருத்தை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் இடம் தருவோம்.