கிரீன் டீ குடித்தால் 'ஆட்டோஃபேஜி' ஆன் ஆகுமா? ஆய்வகத்தில் இருக்கும் ஏடிஜி4பி என்சைம் சொல்லும் பதில்

"16 மணி நேரம் சாப்பிடாம இருங்க, நடுவுல கிரீன் டீ குடிங்க, ஆட்டோஃபேஜி ஆன் ஆகி கேன்சர் செல்லெல்லாம் அழிஞ்சிடும்." இந்த மாதிரி வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். ஊட்டி, குன்னூர் போனால் கிரீன் டீ பாக்கெட்டோடு திரும்புகிறவர்களும் உண்டு. இதில் எது உண்மை?

ஆட்டோஃபேஜி என்றால் என்ன?

நம் செல்லுக்குள் பழுதான பாகங்களைப் பைபோல மூடி, உடைத்து, மறுபடியும் பயன்படுத்தும் வேலைதான் ஆட்டோஃபேஜி. பட்டினி நேரத்தில் இது கூடும். இதற்குத் தேவையான மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

என்சைம் அங்கே என்ன செய்கிறது?

என்சைம் என்றால் வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். நீலகிரி தேயிலை ஃபேக்டரியிலேயே இதைப் பார்க்கலாம். இலையை நசுக்கியதும் அதிலுள்ள என்சைம் காற்றோடு சேர்ந்து இலையைப் பழுப்பாக்கும். அதுதான் நாம் தினமும் குடிக்கும் டீத்தூள். ஆவியிலோ சூடான வாணலியிலோ காட்டி அந்த என்சைமை முதலிலேயே முடக்கிவிட்டால் கிரீன் டீ.

மனித செல்லில் ஏடிஜி4பி என்ற என்சைம் எல்சி3 என்ற புரதத்தின் முனையை வெட்டுகிறது. ஸ்டிக்கரின் பின்பக்கப் பேப்பரை உரிப்பது மாதிரி. அதன் பிறகுதான் மற்ற என்சைம்கள் எல்சி3-ஐப் பையின் சவ்வில் ஒட்ட முடியும். வேலை முடிந்ததும் எல்சி3-ஐப் பிரித்து எடுப்பதும் இதே ஏடிஜி4பி-தான்.

மனித என்சைம் ஆய்வகத்துக்கு எப்படி வருகிறது?

மனித உடலில் இருந்து எடுப்பதில்லை. அதற்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்க்கிறார்கள். பாக்டீரியா அந்தப் புரதத்தைத் தயாரிக்கும், அதைச் சுத்தப்படுத்தி எடுப்பார்கள். இதுதான் 'ரீகாம்பினன்ட்' முறை. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலினும் இப்படி வந்ததுதான். ஆனால் இன்சுலின் மருந்து. இந்த ஏடிஜி4பி சோதனைக் குழாய்க்கு மட்டும்தான், உடம்பில் செலுத்த அல்ல.

இதை வைத்து எதைத் தேடுகிறார்கள்?

இங்கேதான் ட்விஸ்ட். என்சைமையும் எல்சி3-ஐயும் ஒன்றாக வைத்து, ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். வெட்டுவது நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அதாவது, புற்றுநோய் ஆய்வாளர்களில் பலர் தேடுவது ஆட்டோஃபேஜியை நிறுத்தும் மருந்தை!

காரணம், கட்டி உருவாகும் முன் ஆட்டோஃபேஜி நமக்குப் பாதுகாப்பாக இருக்கலாம். கட்டி வளர்ந்த பிறகு, பட்டினியையும் கீமோவையும் தாக்குப்பிடிக்க புற்றுநோய் செல்லே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆட்டோஃபேஜியின் கடைசிக் கட்டத்தைத் தடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை, கீமோவோடு சேர்த்து நோயாளிகளிடம் சோதித்ததும் இதனால்தான்.

அப்போ கிரீன் டீ?

கிரீன் டீயில் உள்ள ஈஜிசிஜி ஆட்டோஃபேஜியைத் தூண்டுவதாக ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே சேர்க்கும் அளவு, கப் டீ குடித்து ரத்தத்தில் சேரும் அளவைவிடப் பொதுவாக மிக அதிகம். அதை வைத்து "கேன்சர் போயிடும்" என்று சொல்ல முடியாது. இன்னொன்று, போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தின் வேலையை ஈஜிசிஜி தடுப்பதாக ஆய்வக, எலிச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• புற்றுநோய் சிகிச்சையில் இருந்தால், வீடியோவை நம்பி பட்டினி இருக்க வேண்டாம். கிரீன் டீ, சப்ளிமென்ட் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

• மற்றபடி, நீலகிரி டீ பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள். ருசிக்காக, மருந்தாக அல்ல.