ஒலிக்கக் கூடாத மரம்

சோனி நிறுவனம் 1989இல் எம்டிஆர்-ஆர்10 என்றொரு ஹெட்போனை வெளியிட்டது. விலை சுமார் 2,500 டாலர். அதில் அதிர்ந்து ஒலியெழுப்பும் சவ்வை, பாக்டீரியாக்கள் உண்டாக்கும் செல்லுலோஸ் நாரிலிருந்து செய்திருந்தார்கள். அவ்வளவு புதுமையான சவ்வைத் தாங்கிய கிண்ணங்களோ 200 ஆண்டு வயதான ஜப்பானியக் கேயாகி மரத்தில் குடைந்தவை. பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தால் நிமிடத்துக்குள் ஒரு கிண்ணம் கிடைத்துவிடும். அப்படியிருக்க, எதற்கு மரம்?

ஹெட்போனில் ஒலியை எழுப்புவது டிரைவர் எனப்படும் சின்ன ஒலிபெருக்கிதான். அதன் சவ்வு அதிரும்போது ஒலி காதுப் பக்கம் மட்டும் போவதில்லை, பின்பக்கமும் அதே அளவு போகிறது. அந்தப் பின்பக்க ஒலியைக் கவனித்துக்கொள்வதுதான் கிண்ணத்தின் முக்கிய வேலை. பின்புறம் மூடிய ஹெட்போன்களில், கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லைப் போல் சவ்வைத் திருப்பித் தள்ளும். கிண்ணம் சிறுத்தால் அந்த வில் விறைக்கும். தபேலாவின் 'கும்' ஒலி மெலியும்.

அடுத்த சிக்கல் எதிரொலி. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். டிரைவருக்கும் தட்டையான அடிச்சுவருக்கும் இடையே 4 செ.மீ. இருந்தால், ஏறக்குறைய 4,300 ஹெர்ட்ஸ் ஒலி அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் மோதி வீங்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான். பாடகியின் குரலில் இல்லாத ஒரு கீச்சு ஹெட்போனில் கேட்பதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் நல்ல கிண்ணத்தின் உட்புறம் வளைந்திருக்கும், சுவரில் கம்பளித் துணியோ பஞ்சோ ஒட்டியிருக்கும்.

மரம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஆனால் பலரும் நினைக்கும் விதத்தில் அல்ல. வீணையிலும் கிட்டாரிலும் மரம் ஒலிக்க வேண்டும். தென்னிந்திய மலைகளில் விளையும் தோதகத்தி, அதாவது ஈட்டி மரம், உலகெங்கும் கிட்டாரின் முதுகுப் பலகையாக விரும்பப்படுகிறது. தட்டினால் கணீரென்று நீண்டு ஒலிக்கும் குணம் அதற்கு உண்டு. ஹெட்போன் கிண்ணமோ வாயே திறக்கக் கூடாது. பாட்டில் இல்லாத எந்த ஒலியையும் அது சேர்க்கக் கூடாது.

வாய் திறக்காமலிருக்கச் சுவர் விறைப்பாக இருக்க வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம். மகோகனி, வால்நட் மரங்களின் அடர்த்தி கிட்டத்தட்ட அதில் பாதிதான். ஆக, கழுத்துக்குப் பாரம் கூட்டாமலே மரச்சுவரை இரண்டு பங்கு தடிமனாக விடலாம். தடிமன் இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் வலு எட்டு மடங்காகும். இழையோட்டத்தின் திசையில் மரம் அந்தப் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விறைப்பானதும்கூட. அலுமினியம் இன்னும் விறைப்பானதுதான். ஆனால் அது மணிபோல் நீண்டு ஒலிக்கும், மரம் தனக்குள் எழும் அதிர்வைச் சீக்கிரமே அடக்கிவிடும்.

'வால்நட் இதமாக ஒலிக்கும், மேப்பிள் பளிச்சென்று ஒலிக்கும்' என்று விற்பனையாளர்கள் சொல்வதை ஓரளவுக்குத்தான் நம்பலாம். மரத்தின் பெயரைவிட உள்ளே இருக்கும் கொள்ளளவும் வளைவும் காது மெத்தையும் ஒலியை அதிகம் மாற்றுகின்றன. மரத்தின் பெரிய வரம் வேறு. பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்க ஆலை வேண்டும். மரத்தைக் குடைய ஒரு லேத்தும் நாலு உளியும் பொறுமையும் உள்ள ஒரே ஆள் போதும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூட்டிக் கேட்கலாம், பிடிக்கவில்லையென்றால் வேறொரு கட்டையில் மறுபடி தொடங்கலாம்.

பொறுமை மரத்தைக் காயவைப்பதிலேயே தொடங்குகிறது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மரம் எல்லாத் திசையிலும் ஒரேபோல் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம், குறுக்குத் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈரக்கட்டையில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்தபின் முட்டை வடிவத்துக்குப் போய்விடும், டிரைவர் உட்காராது. அனுபவசாலிகள் முதலில் தடிமனாகக் கடைந்து சில வாரம் விட்டுவைத்து, மரம் தன் கோணலைக் காட்டியபின் இறுதி அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

இரண்டு கிண்ணங்களையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து வெட்டினால் ரேகையும் நிறமும் இணைசேரும். அதைவிட முக்கியம் உட்கொள்ளளவு: இரண்டிலும் கடுகை நிரப்பி எடைபோட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். இடமும் வலமும் வேறுபட்டால் பாடகர் நடுவில் நிற்க மாட்டார், ஒரு பக்கம் சாய்வார். பிறகு உப்புத்தாள், எண்ணெய் அல்லது அரக்குப் பூச்சு. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் டிஎச்900 ஹெட்போனின் செந்நிறக் கிண்ணங்களுக்கு உருஷி என்ற மரப்பாலைப் பூசியிருக்கிறார்கள். வார்னிஷைப் போலல்லாமல் அது ஈரக்காற்றில்தான் இறுகும்.

சொந்தமாகக் கிண்ணம் கடைபவர்கள் பெரும்பாலும் கைவைப்பது அமெரிக்காவின் கிராடோ ஹெட்போன்களில். டிஃபனி நகைக்கடையில் கடிகாரக் கைவினைஞராக இருந்த ஜோசப் கிராடோ 1953இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் இசைத்தட்டு ஊசிகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. விலை குறைந்த மாடல்களில் டிரைவரைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். முடி உலர்த்தியின் சூட்டில் பசை இளகும், டிரைவரைக் கழற்றிப் புது மரக்கிண்ணத்தில் பொருத்தலாம். இந்தச் சூட்டில் மெல்லிய கம்பி அறுந்துபோவதும் உண்டு என்பதால் அவசரம் ஆகாது. திருகாணிகளைக் கழற்றினாலே பிரிந்துவிடும் ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி தொடக்கக்காரர்களுக்கு இன்னும் தோதானது. சிகாகோவின் இசட்எம்எஃப் நிறுவனம் அதற்கு மரக்கிண்ணம் மாட்டித்தான் தொழிலுக்கு வந்தது.

முகக்கவசம் இல்லாமல் லேத்தின் முன் நிற்கவே கூடாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. ஈட்டி வகை மரங்களின் தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் ஒவ்வாமையால் வாட்டும். அந்த மரங்களை வாங்குவதிலும் கவனம் வேண்டும். அளவுமீறி வெட்டப்பட்டதால் ஈட்டியின் பேரினம் முழுவதையும் 2017இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

நல்ல கிண்ணத்துக்கு அரிய மரம் தேவையுமில்லை. கிராடோ 2014இல் புஷ்மில்ஸ் விஸ்கி நிறுவனத்தோடு சேர்ந்து பழைய விஸ்கி பீப்பாய்களின் ஓக் பலகையில் ஒரு ஹெட்போன் செய்தது. கிராடோவின் ஜிஎச்1 மாடலின் கிண்ணங்கள் ப்ரூக்ளினிலேயே வளர்ந்த மேப்பிள் மரத்தில் கடைந்தவை.